கூழ் வைத்து ஒட்டிய உத்தரவு

முதல் ஊடு என்று நாம் சொல்லும் வீடு இருந்த இடத்தில் பலகை வைக்கப் போவதாக உங்கள் கடிதம் வந்தது. மகிழ்ச்சி. குழு அமைத்திருக்கிறீர்கள். தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, துணைத் தலைவர் இரண்டு பேர் உண்டு. வீடுதான் இல்லை. அதனால் பரவாயில்லை; வீடு இருந்திருந்தால் குழுவுக்கு வேலை இருந்திருக்காது.

உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். மலையில் பிறந்து, ரோடு இல்லாத காலத்தில் கால்நடையாக இறங்கி, கீழே ஏதாவது ஓர் ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, இப்போது சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "எங்க காலத்துல" என்று ஆரம்பிப்பவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பலகையில் எழுதவிருக்கும் வாசகத்தை அனுப்பி என் ஒப்புதலைக் கேட்டிருக்கிறீர்கள்: "குண்டூர் நாட்டில் முதன்முதல் குடியேறியவர் கட்டிய இல்லம் இங்கே இருந்தது. கரையான் அரித்து அழிந்தது."

ஒப்புதல் தர இயலாது. ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிப்பதுதான் முறை. ஆகவே இது.

கரையான் அந்த மலையில் நமக்கு முன்பே குடியேறியது. முதல் ஊடு நின்ற காலமெல்லாம் அதுவும் சுற்றிலும் இருந்தது. ஒரு வருஷத்தில் மட்டும் அது எப்படி ஜெயித்தது என்பதை உங்கள் வாசகம் சொல்லவில்லை. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மாசிக்கும் ஆவணிக்கும் நடுவில் நடந்தது அது.

உங்களில் வேற்றூர்க்காரர்கள் அந்த வீட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய வீடு இல்லை. குனிந்துதான் நுழைய வேண்டும். மூங்கில் தட்டியில் செம்மண் பூசிய சுவர், மலைப்புல் கூரை, உள்ளே ஒரே அறை. நடுவில் மூன்று கல் வைத்த அடுப்பு. அதற்கு நேர் மேலே மூங்கில் பரண். அந்தப் பரணில்தான் எங்கள் ஊர் தொங்கிக்கொண்டிருந்தது. சாமை அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் நல்ல கதிராகப் பார்த்து உதிர்த்து, சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் அடைத்து, முதல் ஊட்டுப் பரணில் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். அடுத்த வருஷத்து விதை அது. தன் வீட்டில் விதை வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வைத்தால் பசிக்கிற மாதத்தில் கை தானாக அங்கே போகும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. மனிதர்களைப் பற்றிச் சரியாகக் கணித்து எழுதப்பட்ட விதிகள் மிகக் குறைவு. எழுதாத இந்த விதி அவற்றில் ஒன்று.

கீழே அடுப்பு பகலும் இரவும் புகைந்துகொண்டே இருக்கும். புகை குடுக்கைகளைச் சுற்றி ஏறி, புல்லுக்குள் நுழைந்து, கூரை முழுவதும் கசியும். புதிதாக வருகிறவன் வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து ஓடிவருவான். உள்ளே பத்து நிமிஷம் இருந்தால் போதும், இரண்டு நாளைக்குத் தலைமுடியில் அந்த வாசனை போகாது. பரணின் அடிப்பக்கம் தார் பூசியதுபோல் கறுப்பாக மின்னும். பூச்சி, வண்டு, கரையான் எதுவும் அந்தக் கறுப்புக்கு மேலே போனதில்லை.

அந்த நெருப்பு, முதலில் மலையேறி வந்தவர் கலயத்தில் கொண்டுவந்த நெருப்பு என்பார்கள். அணைந்ததே இல்லை என்பார்கள். ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் எந்தப் புதுப்பெண்ணும் தன் அடுப்பை அங்கிருந்து கங்கு எடுத்துத்தான் மூட்டினாள்.

அதைக் காத்துவந்தவள் என் பெரியம்மா. ஐயாவுடைய, அதாவது என் அப்பாவுடைய, அண்ணன் மனைவி. பிள்ளை இல்லாமலே தாலியறுத்தவள். புகையில் கண் சிவந்து, எப்போதும் கோபமாக இருப்பதுபோல் தெரிவாள். பெரும்பாலும் கோபமாகத்தான் இருந்தாள். "பரணைத் தொட்டியா, கையை அடுப்புக்குள்ள வெச்சிருவேன்" என்பாள். அடுத்த நிமிஷம் சுட்ட பலாக்கொட்டையைக் கொதிக்கக் கொதிக்க என் பாவாடையில் கொட்டுவாள். அதுவும் ஒரு தண்டனை போலவே இருக்கும்.

ஐயா ஊர்க்கவுண்டர். கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரே ஒரு கவலை. பக்கத்து ஊர்க்காரர்கள் திடீரென்று தங்கள் ஊரில்தான் முதல் வீடு இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். நோம்பித் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பது அந்தச் சொல்லில் தொங்கியது. போன நோம்பியில் அடிதடி ஆகி ஒருவனுக்குப் பல் போயிருந்தது. அந்தச் சமயத்தில், பழைய வீடு, பழைய கல் என்று தேடிக்கொண்டு ஓர் ஆபீசர் மலைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஐயா நான்கு ஆளையும் ஒரு டோலியையும் அனுப்பிவைத்தார். சர்க்கார் காகிதத்தில் "இதுதான் முதல்" என்று எழுதி வாங்கிவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் வாய் மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்.

ஆபீசர் தமிழர். மெலிந்த மனுஷன். டோலியில் ஏறிய பாவத்துக்கு வழியெல்லாம் வாந்தி எடுத்திருந்தார். அளக்கும் நாடாவை எடுத்து நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். பிறகு ஐயாவைக் கேட்டார்.

"இந்தக் கூரை எத்தனை வருஷம் இருக்கும்?"

"போன முந்தின வருஷம் வேய்ஞ்சதுங்க. வார மாசம் மறுபடி வேயோணுமுங்க."

"சுவர்?"

"வருஷா வருஷம் பூசறதுங்க."

"இந்தத் தூண்?"

"எங்க அப்பன் காலத்துல மாத்துனதுங்க. ஒண்ணு மட்டும் நான் மாத்துனதுங்க."

ஆபீசர் பென்சிலை நிறுத்தினார். "அப்படின்னா இந்த வீட்டில் பழசு என்னதான் இருக்கு?"

ஐயா விழித்தார். உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது.

"நெருப்பு இருக்குதுங்க சாமி. சந்தேகமா இருந்தா கையை வெச்சுப் பாருங்க."

கூடியிருந்த ஆம்பிளைகளில் ஒருவன் சிரித்தான். ஐயா பல்லைக் கடித்தார். ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து உள்ளே போனார். வெகுநேரம் இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஏதோ எழுதிக்கொண்டு, டோலியில் ஏறிப் போய்விட்டார். நெருப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துரைமாருக்குப் புகை ஆகாது என்று ஊர் முடிவு செய்தது.

மாசி கடைசியில் சேவகர் உத்தரவைக் கொண்டுவந்தார். கூரை வேய்வதற்குப் புல் அறுத்துக் கட்டுக்கட்டாக வாசலில் கிடந்தது. நாள் குறித்தாகிவிட்டது. சேவகர் தலைப்பாகையை அவிழ்த்து விசிறிக்கொண்டு, இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்று கவுண்டருக்கு, மற்றதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றார்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றார் ஐயா.

"எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் எதுக்குங்க கவுண்டரே இந்த மலை ஏர்றேன்?"

எங்கள் ஊரில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சோளக்காட்டில் ஒரு வாத்தியார் மூன்று வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினார். பிறகு மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழே ஓடிவிட்டார். ஆண்பிள்ளைகள் மாடு மேய்க்கத் தேவைப்பட்டார்கள். நான் எதற்கும் தேவைப்படாததால் படித்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் ஊருக்குத் தேவைப்பட்டேன்.

ஊர் கூடி நின்றது. நான் படித்தேன். ஆபீஸ் தமிழ் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் வாயில் கல்லாக உருண்டது. "மேற்படி" என்று மூன்று தடவை திக்கினேன். மாமன் மக்கள் பின்னால் நின்று "மேப்படி, மேப்படி" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. எப்படியோ அந்தப் பக்கத்தை முடித்தேன். சாரம் இதுதான்: மேற்படி இல்லம் குண்டூர் நாட்டில் மிகத் தொன்மையானது, சர்க்கார் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது, அதில் எவரும் குடியிருக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது, கூரை, சுவர், தூண் எதையும் மாற்றக் கூடாது.

"தொன்மைன்னா?"

"பழசுங்க ஐயா."

"மிகன்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குதுங்க."

ஐயா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த 'மிக'வுக்குப் பிறகு வந்த எதுவும் அவர் காதில் நுழையவில்லை. சேவகர் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று அவசரப்பட்டார். தன் பிரதியை என் கையில் கொடுத்து, "திருப்பு அம்மிணி, அடியில கவுண்டர் ரேகை வைக்கட்டும். படிச்ச நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்றார்.

திருப்பினேன். பின்பக்கமும் எழுத்து இருந்தது. மேலிருந்து கீழ்வரை, நெருக்கமாக. அடியில் ஓர் அங்குலம் இடம் விட்டிருந்தது. ஐயா கட்டைவிரல் ரேகை வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன்னால் ஸ்லேட்டில்தான் போட்டிருக்கிறேன். காகிதத்தில், மையில், அதுதான் முதல். மாமன் மக்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா மாராப்பைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா கண்ணு?" என்றார் ஐயா.

மறுபடி "மேற்படி" வரும். மறுபடி சிரிப்பார்கள்.

"அவ்வளவுதானுங்க ஐயா."

பெரியம்மா கதவை விட்டு வெளியே வந்திருந்தாள். என்னைத்தான் கேட்டாள். "ஏங்கண்ணு, நான் எங்க போறதுன்னு அதுல எழுதியிருக்குதா?"

"இல்லீங்க பெரியம்மா."

ஐயா கூழ் கேட்டார். அம்மா சிரட்டையில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள். ஐயா உத்தரவின் பின்பக்கம் முழுவதும் கையால் கூழைத் தடவி, முதல் ஊட்டுக் கதவில் வைத்து அழுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிட்டார். பக்கத்து ஊர்க்காரன் எவன் வந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. அவனுக்கும் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

நெருப்பை யார் அணைப்பது என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. யாரும் முன்வரவில்லை. "பூட்டறவன் எவனோ அவனே ஊத்தட்டும்" என்றாள் பெரியம்மா. கடைசியில் ஐயாதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அடுப்பிலிருந்து சீறிக்கொண்டு சாம்பல் கிளம்பி அவர் தலையில் படிந்தது. நனைந்த சாம்பலின் நாற்றம் வெளியே நின்ற எங்களுக்கே குமட்டியது. பெரியம்மா அதற்குள் கொஞ்சம் கங்கு வாரிக் கலயத்தில் எடுத்துக்கொண்டு பலாமரத்தடி மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார் ஐயா. "உத்தரவு போட்டவங்க ஊட்டுக்குப் போறேன், உங்க ஊட்டுக்கு எதுக்கு?" என்றுவிட்டாள்.

விதையை என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. கொட்டகையில் பரண் இல்லை. "அது அங்கியே இருக்கட்டும். இப்ப சர்க்காரே காவல். இதைவிடப் பத்திரமான எடம் ஏது?" என்றார் ஐயா. ஊர் தலையாட்டியது. ஐயா கதவைப் பூட்டினார். வெட்டிக் குவித்த புல் வாசலிலேயே மக்கியது.

சித்திரையில் கோடை மழை இறங்கியது. வேயாத கூரை மூன்றாம் மழையிலேயே ஒழுகியது. கொட்டகையும் ஒழுகியது. ஒரு காலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது பெரியம்மா கலயத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையைக் கலயத்துக்குள் விட்டுச் சாம்பலைத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கண் சிவந்திருக்கவில்லை. வெள்ளையாக, வேறு யாருடைய கண் போலவோ இருந்தது.

"பரணை யாராச்சும் பாத்தீங்களாடி?" என்றாள். "பொகை இல்லாம வெதை நிக்காது. உங்கையன்கிட்டச் சொல்லு."

சொன்னேன். ஐயாவுக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் பூட்டைத் தொடப் பயந்தார். என்னை உட்காரவைத்து மனு எழுதச் சொன்னார். விதைக்காக அடுப்பு மூட்ட அனுமதி வேண்டும் என்று எழுதினேன். ஆள் இறங்கிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: "முன்பு அனுப்பிய உத்தரவை முழுமையாகப் படித்து அதன்படி நடந்துகொள்ளவும்."

ஐயா என்னைக் கதவுக்கு அழைத்துக்கொண்டு போனார். "மறுக்காப் படி கண்ணு. நிறுத்தி நிதானமாப் படி."

படித்தேன். குடியிருக்கக் கூடாது; தீ மூட்டக் கூடாது; மாற்றக் கூடாது. இந்தத் தடவை திக்கவில்லை. மழைச்சாரல் பட்டுக் காகிதம் ஊறியிருந்தது. பின்பக்கத்து எழுத்து நிழல் போலத் தெரிந்தது, இடவலம் மாறி. அதன்மேல் விரலை வைத்தேன். கூழ் காய்ந்து மரத்தோடு மரமாக இறுகியிருந்தது. "ஐயா, பின்னால இருக்குதுங்க" என்று சொல்ல மூன்று சொல் போதும். சொன்னால் "அன்னிக்கு ஏன் அவ்வளவுதான்னு சொன்னே?" என்று கேட்பார். நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

"அதேதானுங்க ஐயா."

"அதேதான்" என்று அவரும் சொன்னார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

ஆனியில் விதைப்புக்கு வேறு வழியில்லை, பூட்டை உடைத்தார்கள். நான் அங்கே இருந்தேன். பரணின் கறுப்பு போய்ச் சாம்பல் நிறப் பூசணம் பூத்திருந்தது. தூண்களில் கரையான் மண் இடுப்பு உயரம் ஏறியிருந்தது. குடுக்கைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். முதல் குடுக்கையை என் மாமன் கவிழ்த்தபோது சாமை கொட்டவில்லை. மாவு கொட்டியது, மாவுக்குள் வண்டு நெளிந்தது. இரண்டாவது, மூன்றாவது. பிறகு யாரும் கவிழ்க்கவில்லை. ஆட்டிப்பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள்.

மாமன் ஐயாவைப் பார்த்து, "இனி முதல் மரியாதையை வெதைச்சுக்குவோம் மச்சான்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கீழ்நாட்டில் ஒரு குடியானவர் இரக்கப்பட்டு விதை கொடுத்தார். கீழ்நாட்டு விதை. மலையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கதிரில் ஒன்றுமில்லாமல் நின்றது. காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றோம். ஏழெட்டுக் குடும்பம் கூலிக்கு இறங்கிப் போனது. அவர்களில் பாதி திரும்பவில்லை. பெரியம்மா ஆவணியில் போனாள். மழையில் ஊறிய கொட்டகை, குளிர், பட்டினி. இவற்றில் எது என்று எழுதுவதற்கு அங்கே ரிஜிஸ்தர் இல்லை. கங்கு வைத்திருந்த கலயத்தைத் தலைமாட்டில் வைத்துப் புதைத்தோம். அடுத்த வருஷம் ஒரு காற்றில் வீடு ஒருபக்கமாக உட்கார்ந்தது. நெஞ்சில் உத்தரவோடு கதவு மட்டும் கொஞ்ச நாள் நின்றது. கூழ் ஒட்டிய இடம் என்பதால் கரையான் அதை ருசித்துத் தின்றது. ஆக, உங்கள் வாசகத்தில் கரையான் வருவது முழுப் பொய் இல்லை.

ஊர் அந்த ஆபீசரைச் சபித்தது. நோம்பிக்கு நோம்பி அவர் வம்சத்தைச் சபித்தார்கள். ஐயா எல்லோரையும்விட உரக்கச் சபித்தார்.

பின்னாளில் நான் சர்க்கார் வேலைக்குப் போனேன். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் பின்பக்கம் பார்ப்பேன். ஆபீசில் என்னைக் கேலி செய்வார்கள். வெறும் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு வருஷம் அழிக்க வேண்டிய பழைய கோப்புகளைப் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. எரிக்கக் கட்டி வைத்திருந்த கட்டு ஒன்றில் அது இருந்தது. சேவகர் கையெழுத்து வாங்கிக்கொண்டுபோன அந்த இரண்டாவது பிரதி.

எந்த உத்தரவும் தடையை முன்னால் சொல்லும், விலக்கைப் பின்னால் சொல்லும். அதைப் பார்த்தபோது எனக்கு அந்த நடை மனப்பாடமாகியிருந்தது. பின்பக்கத்தில் மூன்று விலக்கு இருந்தது. இப்போது குடியிருக்கும் விதவை தன் ஆயுள் வரை அங்கேயே குடியிருக்கலாம். வழக்கப்படி அதே புல்லும் மூங்கிலும் கொண்டு வேய்வது மாற்றமாகாது. மூன்றாவது, ஆபீசர் தன் கைப்பட எழுதிச் சேர்த்தது: "இவ்வில்லத்தில் உள்ளவற்றுள் மிகப் பழமையானது அடுப்பு நெருப்பே என்று குடியிருப்பவர் தெரிவித்தார். அதை நேரில் கண்டேன். அது ஒருபோதும் அணையாமல் பார்த்துக்கொள்ளப்பட வேண்டும்."

ஐயா அப்போது உயிரோடு இருந்தார். பார்வை போய்விட்டது. அந்த வாரம் ஊருக்குப் போனேன். காகிதம் என் பையில் இருந்தது. அவர் எனக்குக் கேட்கும்படி ஒருமுறை ஆபீசரைச் சபித்தார். நான் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் போய்ச் சேர்ந்தபோதும் அது என் பையில்தான் இருந்தது.

கோப்பை எரித்ததாகக் கணக்கு இருக்கிறது. எரிக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே முறைகேடு அது. இப்போது நடவடிக்கை எடுக்க நினைத்தாலும் காலம் கடந்துவிட்டது. அந்தப் பிரதியை உங்கள் குழுவுக்கு இத்துடன் அனுப்புகிறேன். பலகை வாசகத்தில் கரையானை அடித்துவிட்டு யார் பெயரை எழுதுவது என்று தீர்மானிக்க உதவும். திருப்பிப் பாருங்கள். அடியில், ஐயாவின் ரேகைக்கு மேலே, ஒரு வரி இருக்கும்: "இரு பக்கங்களும் ஊர்க்கவுண்டருக்குப் படித்துக் காட்டப்பட்டன."

அதற்கு நேராக என் கையெழுத்து. கோடு விலகாமல், மை சிந்தாமல், வெகு அழகாகப் போட்டிருக்கிறேன்.